சேலத்து ஜவ்வரிசியும் ஒரு சிறு குளவியும்

மும்பையிலோ புனேயிலோ சில ஆண்டுகள் குடியிருந்த தமிழர் எவருக்கும் ஏகாதசி நாளில் அண்டை வீட்டிலிருந்து வரும் மணம் பழகிப்போயிருக்கும். ஊறவைத்த ஜவ்வரிசியும், வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும், சீரகமும், பச்சை மிளகாயும் நெய்யில் வதங்கும் அம்மணம் விரதம் இருப்போரைவிட இராதோரையே மிகுதியாக இழுக்கும். சாபுதாணா கிச்சடி என்று மராத்தியர் அதனை அழைப்பர். நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் கொள்ளும் அதே ஜவ்வரிசிதான் அது. அதன் பெரும்பகுதி சேலம், நாமக்கல் வட்டாரங்களில் விளையும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்பட்டு வடக்கே செல்கிறது என்பதை அண்டை வீட்டு அம்மையாரிடம் சொல்லிப் பாருங்கள், பலரும் வியப்படைவர். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, சேலத்தில் தோன்றிய கைத்தொழில் இது. நம் ஊர் மண்ணுக்கும் மராத்தியர் வீட்டு விரதத்துக்கும் இடையே இப்படி ஓர் உறவு எண்பது ஆண்டுகளாக இருந்து வருகிறது.

2020-ஆம் ஆண்டில் அவ்வுறவுக்கு ஓர் ஆபத்து நேர்ந்தது. இந்நாட்டில் அதுவரை காணாத ஒரு மாவுப்பூச்சி, கேரளத்தின் திருச்சூர்ப் பக்கத்து மரவள்ளிச் செடிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. வெண்மாவைத் தூவியதுபோல் தளிர்களிலும் இலைகளின் அடிப்புறத்திலும் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுவது அதன் தொழில். உறிஞ்சப்பட்ட தளிர் சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடியின் நுனி கொண்டை முடிந்ததுபோல் ஆகிவிடும், கிழங்கு பருக்காது. சில மாதங்களிலேயே அப்பூச்சி தமிழ்நாட்டுக்குள்ளும் பரவிச் சேலத்து வயல்களை அடைந்தது.

இத்தகைய வேளையில் விவசாயியின் கை முதலில் எதை நாடும்? மருந்து தெளிக்கும் விசைத் தெளிப்பானைத்தான். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை; கண்முன்னே பயிர் சுருங்குகிறது, கடன் தவணையோ நெருங்குகிறது. ஆயினும் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேறொரு வழி தொடங்கிவைக்கப்பட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத குளவிகள் சிறு குப்பிகளிலிருந்து மரவள்ளிச் செடிகளின் மீது திறந்துவிடப்பட்டன. பார்த்தவர்களுக்கு அது பெரிய காட்சியாக இருந்திராது. ஆனால் அச்சிறு செயலுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு நிற்கிறது. வெற்றியும், மறதியும், சில வேளைகளில் பெருந்துயரும் கலந்த அவ்வரலாற்றை ஈண்டுச் சற்று விரித்துக் காண்போம்.

அதன் தொடக்கம் ஒரு பிழையாகும்; அப்பிழையும் நம் சென்னையோடு தொடர்புடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். கள்ளியின் மீது வாழும் ஒருவகைச் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் உயர்ந்த செந்நிறச் சாயம் கிடைக்கும். இங்கிலாந்துப் படையதிகாரிகளின் சிவப்பு அங்கிகளுக்கு நிறம் ஊட்டியது அச்சாயம். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் அவ்வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். அதனை இந்தியாவிலும் வளர்த்துவிட வேண்டும் என்பது கம்பெனியாரின் ஆசை. 1795-இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகள் வந்து சேர்ந்தன. வந்தவையோ உண்மையான சாயப்பூச்சிகள் அல்ல. அவற்றின் தாழ்ந்த உறவினம். சாயம் மட்டமாக இருந்தது. ஆனால் அவை தம் பசியில் மட்டும் குறைவைக்கவில்லை. வேலியிலும் புறம்போக்கிலும் மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியின் ஓர் இனத்தை அவை தின்று தீர்த்துவிட்டன.

சாயம் தேடியவர்கள் ஏமாந்தனர். நிலம் உழுதவர்கள் மகிழ்ந்தனர். ஓர் உயிருக்கு இன்ன உணவு என்று இயற்கை வகுத்திருக்கிறது, அவ்வுணவு தீங்கு செய்வதாக இருந்தால் அவ்வுயிர் நமக்கு உதவியாகும் என்னும் உண்மை, எவரும் எண்ணாமலேயே இந்திய மண்ணில் அன்று வெளிப்பட்டது. 1926-இல் இலங்கையிலிருந்து இப்பூச்சியின் மற்றோர் இனத்தை, இம்முறை தெரிந்தே கொண்டுவந்து, திருநெல்வேலிச் சீமையை அடைத்துக்கிடந்த வேறொரு கள்ளியின் மீது விட்டார்கள். அக்கள்ளியும் அடங்கியது. நம் பாட்டனார் காலத்தில் தென்மாவட்டங்களில் வாழ்ந்தோர் கள்ளிக்காடுகள் அழிந்த கதையை நேரில் கண்டவர்களாகவே சொல்லியிருப்பர்.

கள்ளி களைச்செடி. பயிரை அழிக்கும் பூச்சியையே மற்றொரு பூச்சியால் அடக்கலாம் என்பதை உலகம் நம்பியது கலிபோர்னியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியால்தான். அதனை விரித்துச் சொல்வது தகும். 1868-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேலமரக் கன்றுகளோடு ஒரு செதில் பூச்சியும் அம்மாநிலத்திற்குள் புகுந்தது. முதுகில் பஞ்சுப்பொதி சுமந்ததுபோல் தோன்றும் அப்பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களைப் பற்றிக்கொண்டது. கழுவினார்கள், புகைபோட்டார்கள், மரங்களை வெட்டி எரித்தும் பார்த்தார்கள், பயனில்லை. அமெரிக்க விவசாய இலாகாவின் தலைமைப் பூச்சியியலறிஞராக இருந்த சார்லஸ் ரைலி ஒரு கேள்வி கேட்டார். இப்பூச்சி தன் தாய்நாட்டில் ஏன் இவ்வாறு பெருகவில்லை? அங்கே அதனைத் தின்னும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது கடல் கடந்து வரவில்லை.

அந்த ஏதோ ஒன்றைத் தேடிவர ஆளனுப்பப் பணமில்லை. இலாகாவின் பூச்சியியலார் வெளிநாடு செல்லக்கூடாது என்று அவர்கள் சட்டமன்றம் செலவைத் தடுத்திருந்தது. அரசாங்கங்களின் சிக்கனம் எப்போதும் எந்த இடத்தில் போய் முட்டுகிறது பாருங்கள்! அவ்வாண்டு மெல்போர்ன் நகரில் ஓர் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்குச் செல்லும் குழுவில் ஒருவராக ஆல்பர்ட் கோபெல் என்பவரைச் சேர்த்து அனுப்பினார்கள். 1888-இல் அவர் அடிலெய்டு நகரத்துத் தோட்டமொன்றில், செந்நிறத்தில் கரும்புள்ளி இட்ட ஒரு சின்னஞ்சிறு பொறிவண்டு அச்செதில் பூச்சியைத் தின்பதைக் கண்டார். கப்பலில் அவர் அனுப்பியவற்றுள் உயிரோடு வந்து சேர்ந்தவை 129 வண்டுகளே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் ஆரஞ்சு மரத்தைச் சுற்றித் துணிக்கூடாரம் அடித்து அதனுள் அவற்றை விட்டனர். சில மாதங்களில் கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தபோது வண்டுகள் தாமே அடுத்த மரங்களுக்குச் சென்றன. 1889-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வண்டுகள் தோட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்டன. இரண்டாண்டுகளுக்குள் செதில் பூச்சி தேடினாலும் அரிதாகக் கிடைக்கும் பொருளாயிற்று. தோட்டக்காரர்கள் நன்றிக்கடனாகக் கோபெலுக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவியாருக்கு வைரத்தோடும் வழங்கினார்களாம்.

அதே செதில் பூச்சி 1920-களில் நம் நீலகிரியையும் அடைந்தது. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து மலைச்சரிவுகளில் வளர்த்த மரத்தை அங்குள்ளோர் சீகை மரம் என்பர். ஆஸ்திரேலிய மரத்தைத் தேடி ஆஸ்திரேலியப் பூச்சியும் வந்தது இயல்பே. சென்னை மாகாண விவசாய இலாகாவினர் கலிபோர்னியாவின் கதையை அறிந்தவர்கள். 1930-ஐ ஒட்டி அப்பொறிவண்டை வரவழைத்து உதகை வட்டாரத்தில் விட்டனர். வண்டு நிலைபெற்றது, பூச்சி அடங்கியது. குலு பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களிலும் பஞ்சுப் பேனை அடக்க ஓர் ஒட்டுண்ணிக் குளவியைச் சுதந்தரத்திற்கு முன்பே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இவ்வகை முயற்சிகளை முறையாக நடத்துவதற்கென 1957-இல் காமன்வெல்த் நிறுவனமொன்றின் இந்திய நிலையம் பெங்களூரில் தோன்றியது. அப்பணியின் வாரிசாக இன்று அந்நகரின் ஹெப்பாள் பகுதியில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் விளங்குகிறது. பெல்லாரிச் சாலை வழியே விமான நிலையத்துக்குப் போகும் நம் பெங்களூர்த் தமிழர்கள் அப்பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கலாம்.

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும், அடுத்த முப்பது ஆண்டுகள் வேறு திசையில் சென்றன. காரணம் டி.டி.டி. 1939-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் பால் முல்லர் அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் 1953-இல் நம் நாட்டில் மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் அந்நோயால் வாடினர் என்பது கணக்கு. வீட்டுச் சுவர்களில் தெளித்த டி.டி.டி. அத்தொகையைப் பெரிதும் குறைத்தது. தெராய்ப் பகுதியிலும் வயநாட்டிலும் மனிதர் அஞ்சாமல் குடியேற முடிந்தது அதனால்தான். நன்றி மறப்பது நன்றன்று.

சுவரில் பூசியது வேறு, வயலெங்கும் தூவியது வேறு. சுவரில் வந்தமர்வது கொசு மட்டுமே. வயலிலோ ஒரு பகைப்பூச்சியுடன் பத்து நட்புப் பூச்சிகள் வாழ்கின்றன. கலிபோர்னியாவில் இது உடனே விளங்கியது. 1940-களின் இறுதியில் ஆரஞ்சுத் தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தார்கள். ஐம்பதாண்டுகளாக மறைந்திருந்த அப்பஞ்சுச் செதில் பூச்சி மீண்டும் மரங்களில் வெண்மையாய்ப் பூத்தது! மருந்து வண்டைக் கொன்றது. செதில் பூச்சியை அவ்வளவாகத் தீண்டவில்லை. மறுபடியும் வண்டைத் தேடிக்கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சியை நம் நாட்டு அறிஞர்கள் படித்திருந்தார்கள். ஆனால் 1952-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் பி.எச்.சி. என்னும் பூச்சிமருந்தின் உற்பத்தி தொடங்கி, மருந்து மலிவாகக் கிடைக்கத் தலைப்பட்ட காலம் அது. மலிவான பொருளின் முன் படிப்பு என்ன செய்யும்?

நஞ்சு வயலோடு நிற்கவுமில்லை. 1958-இல் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உணவுண்டு மாண்டனர். பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் வந்து, மருந்து கசிந்து மாவில் கலந்ததே காரணம். அத்துயரம் எழுப்பிய விசாரணைகளின் விளைவாகவே 1968-இல் நம் நாட்டுப் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் போபால் நகரத்து மக்கள் உறக்கத்திலேயே மூச்சுத் திணறி மடிந்தார்களே, அந்த ஆலை செய்துவந்ததும் பயிர்ப் பூச்சிக்கான மருந்துதான். வயலைக் கண்ணால் காணாத நகரவாசிக்கும் வயலின் நஞ்சில் பங்கு உண்டு என்பதை இதனினும் கொடிதாக எதுவும் உணர்த்த முடியாது.

வட கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களை அங்குள்ள நம்மவர் அறிவர். தேயிலைக் கொசு என்று பெயர்பெற்ற ஒரு நாவாய்ப்பூச்சி முந்திரித் தளிரைக் கருக்குவது அங்கே வழக்கம். அதனை ஒழிப்பதற்காக 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரையில் எண்டோசல்பான் என்னும் மருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். தோட்டம் குன்றின்மேல், வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் அதன் சரிவில். பிறவிக் குறையோடு பிறந்த குழந்தைகளையும் தீராநோயாளிகளையும் பற்றிய செய்தி நாடெங்கும் பரவிய பிறகு தெளிப்பு நின்றது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதும் தடுத்தது. ஒரு பூச்சிக்காக ஒரு குன்றையே நனைத்தோம் என்பதை எண்ணும்போது நாணுகிறோம்.

நெல்லின் கதைக்கு வருவோம். நம் உழவர் புகையான் என்று அழைக்கும் ஒரு தத்துப்பூச்சி உண்டு. அது தாக்கிய வயல் தீயில் புகைந்ததுபோல் வட்டவட்டமாகக் காய்ந்து நிற்பதால் அப்பெயர். பெயர் பழையது; ஆனால் பஞ்சமாய்ப் பரவிய வழக்கம் புதியது. 1960-களின் இறுதியில் குட்டை நெல் இரகங்களும், மிகுதியான தழைச்சத்தும், அவற்றோடு ஒரு கட்டாக மருந்தும் வந்தன. 1973-74-இல் கேரளத்துக் குட்டநாட்டு வயல்களைப் புகையான் சூறையாடியது. மருந்து போதவில்லை என்றுதான் எல்லோரும் எண்ணினர், மேலும் தெளித்தனர், மேலும் பெருகியது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று, அது எவ்வாறு என்று பார்க்க வேண்டும். புகையான் நெற்தூரின் அடிப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே கூடி வாழ்வது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே சரியாக எட்டாது. முட்டையையோ அது இலையுறையின் உள்ளே பொதிந்து வைக்கிறது. மருந்து அதனைத் தொடாது. வயலில் ஓடியாடி இரைதேடும் சிலந்திகளும், நீரின் மேல் சறுக்கும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் நனைந்து சாகின்றன. பத்து நாளில் முட்டைகள் பொரிக்கும்போது குஞ்சுகளைத் தின்ன வயலில் ஒருவருமில்லை. பீட்டர் கென்மோர் என்னும் அமெரிக்க அறிஞர் 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் இதனை எண்ணி எண்ணியே மெய்ப்பித்தார். மருந்து தெளித்த பாத்தியில் புகையான் மிகுந்தது. தெளியாத பாத்தியில் சிலந்திகள் அதனை ஆட்கொண்டன.

இதனை முதலில் அரசியலாக்கியது இந்தோனேசியா. அந்நாட்டு அரசு மருந்து விலையில் ஐந்தில் நான்கு பங்கைத் தானே கொடுத்துவந்தது. நாட்டின் நெல்லே பறிபோகும் நிலை வரவும், 1986-இல் அதிபர் ஆணை ஒன்றால் 57 வகை மருந்துகளை நெல் வயலிலிருந்து விலக்கினர். மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினர். மருந்துப் பயன் பாதிக்கு மேல் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. உழவர்கள் வாரந்தோறும் வயலோரத்தில் கூடி, ஒரு தூரில் எத்தனை பகை, எத்தனை நட்பு என்று எண்ணிப் படம் வரைந்து முடிவெடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தோன்றி, பிறகு நம் நாட்டுக்கும் வந்தன. தஞ்சை உழவர்களும் கோதாவரிக் கரை உழவர்களும் அப்பள்ளிகளில் அமர்ந்தவர்களே. எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி ஓநாய்ச் சிலந்தியை இன்னதென்று காட்டும் திறம், பட்டம் பெற்ற நம்மில் பலருக்கு இல்லை.

நம் நாட்டில் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. டி.டி.டி. 1989-இல் விவசாயத்திலிருந்து விலக்கப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடுக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே தெலங்காணத்து வாரங்கல் பக்கத்தில் பருத்தி பொய்த்தது. எந்த மருந்துக்கும் அஞ்சாத புழுக்கள் மிஞ்சின. கடன்பட்ட உழவர் பலர் தம்மை மாய்த்துக்கொண்டனர். 2017-இல் விதர்ப்பத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்த கூலியாட்கள் இருபதுக்கு மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். ஆகவே இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. ஆசாத்பூரிலும் வாஷியிலும் ஒரு புள்ளிகூட இல்லாத கத்தரிக்காயைப் பொறுக்கி எடுக்கும் நம் கைக்கும் இதில் பொறுப்புண்டு. நம் பாட்டிமார் சொத்தைக் கத்தரியை அரிந்து, புழுவிருந்த துண்டை எறிந்துவிட்டு மீதியைச் சமைத்தார்கள், எவரும் குறைந்துபோகவில்லை.

பழைய வண்டின் பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது பப்பாளியால். 2008-இல் கோயம்புத்தூரில், மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, செம்பருத்தி, மல்பெரி என்று அறுபதுக்கு மேற்பட்ட செடிகளில் அது ஏறியது. கர்நாடகம், கேரளம், மகாராஷ்டிரம் எங்கும் பரவியது. மெழுகுப் பூச்சால் உடலைப் போர்த்திக்கொண்ட பூச்சிக்கு மருந்து உறைக்கவில்லை. பட்டுப்புழு வளர்ப்போரின் நிலைதான் மிகவும் இரங்கத்தக்கது. மல்பெரி இலையில் மருந்து தெளித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு சாகும். தெளிக்காவிட்டால் இலையே இராது. செடியைப் பிடுங்கி எரித்தவர் பலர்.

அப்போது பெங்களூர் நிறுவனத்தார் ரைலி கேட்ட அதே கேள்வியைக் கேட்டனர். இது தன் ஊரில் ஏன் அடங்கிக் கிடக்கிறது? விடை முன்பே கிடைத்திருந்தது. கரிபியக் கடல் நாடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் இப்பூச்சியை அடக்கிய ஒட்டுண்ணிக் குளவிகளை அமெரிக்க விவசாய இலாகாவினர் போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்தனர். 2010-ஆம் ஆண்டு ஜூலையில் மூன்று இனக் குளவிகள் இந்தியா வந்தன. வந்தவுடன் வயலில் விட்டுவிடவில்லை. பூட்டிய கூடத்தில் வைத்து, வேறு நற்பூச்சிகளைத் தாக்குமா, பட்டுப்புழுவுக்கு ஊறு செய்யுமா, தேனீக்கு ஊறு செய்யுமா என்றெல்லாம் சோதித்தனர்.

இச்சோதனை வீண் சம்பிரதாயமன்று. 1935-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி நூற்றுச் சொச்சம் தென்னமெரிக்கத் தேரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தேரை கரும்பு வண்டை விட்டுவிட்டு, அகப்பட்டதையெல்லாம் தின்று, தன்னைத் தின்னவந்த விலங்குகளைத் தன் நஞ்சால் கொன்று, கோடிக்கணக்கில் பெருகி இன்றளவும் அந்நாட்டைத் துன்புறுத்துகிறது. எதையும் தின்னும் உயிரை அழைத்துவருவது விருந்தினருக்குச் சாவிக்கொத்தைக் கொடுப்பது போலாகும். ஒன்றையன்றி வேறொன்றைத் தின்னாத உயிரே இவ்வேலைக்கு உரியது.

அக்குளவிகள் சோதனையில் தேறின. மூன்றனுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் இனமே வயலில் மேலோங்கியது. ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத அதன் பெண்குளவி மாவுப்பூச்சியின் இளங்குஞ்சைத் தேடி அதன் உடலுக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வளரும். இரண்டு மூன்று வாரங்களில் கூட்டுக்குள்ளிருந்து புதிய குளவி வெளிவரும். 2010 அக்டோபர் முதல் தமிழ்நாட்டின் மாவட்டந்தோறும் வேளாண் பல்கலைக்கழகத்தாரும் பட்டு இலாகாவினரும் அவற்றைப் பெருக்கி வழங்கினர். உழவர்களிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே: மருந்து தெளிக்காதீர்கள், குளவி செத்துப்போகும். சில மாதங்களில் மல்பெரி துளிர்த்தது. பப்பாளி மீண்டும் காய்த்தது. குளவிக்குக் கூலியில்லை; ஒருமுறை நிலைபெற்றபின் விதைப்பாரும் வேண்டியதில்லை.

மரவள்ளிக்கு வந்த பூச்சிக்கும் இவ்வாறு ஒரு முன்கதை உண்டு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அது 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியையே அன்றாட உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது. நைஜீரியாவில் இபதான் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துக்காரரான ஹான்ஸ் ஹெரன் அதன் பகைவனைத் தேடும் பணியை நடத்தினார். அப்பூச்சியின் பிறப்பிடம் பராகுவே என்று 1981-இல் தெரியவந்தது. அங்கே கிடைத்த அனாகிரஸ் லோபெசி என்னும் குளவி, இங்கிலாந்தில் சோதிக்கப்பட்டு, அவ்வாண்டே நைஜீரிய வயல்களில் விடப்பட்டது. பின்னர் விமானத்திலிருந்தும் தூவி, ஏறத்தாழ முப்பது நாடுகளுக்கு அதனைக் கொண்டுசென்றனர். 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2009-இல் அக்குளவி தாய்லாந்துக்கும் சென்று அந்நாட்டு மரவள்ளியைக் காத்தது.

திருச்சூரில் பூச்சி தென்பட்டபோது நம் அறிஞர்களுக்கு இக்கதை முழுவதும் தெரிந்தே இருந்தது. 2021-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியை வரவழைத்து, பெங்களூரில் பூட்டிய கூடத்தில் சோதித்து, பிறகே ஏத்தாப்பூருக்குக் கொண்டுவந்தனர். பராகுவேயில் பிறந்து, ஆப்பிரிக்காவில் புகழ்பெற்று, பெங்களூரில் தேர்வெழுதிச் சேலத்தில் வேலைக்கமர்ந்த குளவி அது. ஊர்விட்டு ஊர்வந்து பிழைக்கும் நமக்கு அதன்பால் ஒரு பற்று உண்டாவதில் வியப்பில்லை.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஆத்தூர்ச் சாலையில் ஒரு மரவள்ளி வயலோரம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, சுருண்ட ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெண்மாவின் நடுவே பழுப்பேறி உப்பிய கூடுகள் சில தெரியலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் நன்று. அக்கூடுகள் மாவுப்பூச்சிகளாக இருந்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே குளவி வெளியேறி அடுத்த செடிக்குப் போயிருக்கும்.